“கம்ப்யூட்டர் செய்யணும்னா ஃபிசிக்ஸ் எதுக்கு?”

சிவகாசி வட்டாரத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். கணவர் ஆஃப்செட் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறார். இவர் வீட்டிலிருந்தே காலண்டர் பைண்டிங் வேலை பார்க்கிறார். மகள் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். இயற்பியலில் 97, கணிதத்தில் 95, கணினி அறிவியலில் 99. எட்டாவது படிக்கும் தம்பி ஒருவன். வீட்டுக் கடன் இன்னும் ஆறு வருடம் பாக்கி.

சென்னையில் மென்பொருள் நிறுவனத்தில் இருக்கும் தாய்மாமாவின் யோசனைப்படி, அப்பா ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரிவுக்கு 50,000 ரூபாய் முன்பணம் கட்டி, மூலச் சான்றிதழ்களையும் கொடுத்துவிட்டார். மகளோ மதுரையில் ஒரு அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியலுக்கு இடம் வாங்கி வைத்திருக்கிறாள். “நான் கம்ப்யூட்டர்தான் செய்யப் போறேன், அதுக்குத்தான் ஃபிசிக்ஸ்” என்கிறாள். “கம்ப்யூட்டர் செய்யணும்னா கம்ப்யூட்டர் படி, ஃபிசிக்ஸ் எதுக்கு? டீச்சர் வேலைக்கா?” என்று அப்பா கேட்டிருக்கிறார். ஐந்து நாளாக அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. தாய் கேட்பவை மூன்று. இயற்பியலுக்கும் கம்ப்யூட்டருக்கும் உண்மையில் சம்பந்தம் உண்டா, அல்லது அவள் பிடிவாதத்துக்குச் சொல்கிறாளா? அதைப் படித்தால் பிழைப்பு உண்டா? கட்டிய பணமும் சான்றிதழும் திரும்பக் கிடைக்குமா?

அன்புச் சகோதரி,

உங்கள் மூன்றாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்ற இரண்டையும் நிதானமாகப் பேசலாம், இதற்கு நாள் போகப் போகச் சிக்கல். நான் வழக்கறிஞர் இல்லை. முப்பது வருடம் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக் கொடுத்தவன். ஆனால் பல வருடம் சேர்க்கைக் குழுவில் உட்கார்ந்திருக்கிறேன் என்பதால் இந்த விதிகள் தெரியும்.

பணமும் சான்றிதழும்

பொறியியல் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ.யின் விதி தெளிவாக இருக்கிறது. வகுப்பு தொடங்குவதற்கு முன் மாணவர் விலகினால், அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதி முழுவதையும் கல்லூரி திருப்பித் தர வேண்டும். மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுக் கையில் கொடுத்துவிட வேண்டும், தன்னிடம் பூட்டி வைக்கக் கூடாது. “சீட்டை விட்டால் நாலு வருட ஃபீஸையும் கட்டு” என்று யாராவது சொன்னால் பயப்படாதீர்கள். அப்படிக் கேட்கக் கூடாது என்பதும் அதே விதியில் இருக்கிறது.

அந்த 50,000-க்கு ரசீது இருக்கிறதா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. இருந்தால், விலகல் கடிதம் ஒன்றை எழுதி நேரில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அதையே கல்லூரியின் மின்னஞ்சலுக்கும் அனுப்புங்கள். வாயால் சொல்லிவிட்டு வருவது போதாது. பதில் வராவிட்டால் கல்லூரி இணைந்திருக்கும் பல்கலைக்கழகத்துக்கும், தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கும், ஏ.ஐ.சி.டி.இ.யின் குறைதீர்ப்பு இணையதளத்துக்கும் புகார் அனுப்பலாம். ரசீது தராமல் வாங்கியிருந்தால் அது நன்கொடை வசூலாக இருக்கலாம். நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் அப்படி வாங்குவது தமிழ்நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கல்லூரி அலுவலகத்தில் இதைப் பணிவாக, ஆனால் அழுத்தமாகச் சொல்லலாம்.

விலகத்தான் வேண்டும் என்று நான் இன்னும் சொல்லவில்லை. பணம் போய்விடுமே என்ற பயத்தில் முடிவெடுத்துவிடக் கூடாது என்பதற்காக இதை முன்னால் வைத்தேன்.

உங்கள் கணவரின் மெஷினும் ஒரு சிப்பும்

இப்போது முதல் கேள்வி. இதை உங்கள் கணவருக்கே சொல்கிற மாதிரி சொல்கிறேன், ஏனென்றால் எனக்குத் தெரிந்தவர்களில் இதை எளிதாகப் புரிந்துகொள்ளக் கூடியவர் அவர்தான்.

பிளேட் போடுவது அவருக்குக் கை வந்த வேலையாக இருக்கும். ஒளிபட்டால் மாறுகிற ஒரு பூச்சு பிளேட்டின் மேல் இருக்கும். முன்பெல்லாம் அதன் மேல் ஃபிலிம் வைத்து ஒளி காட்டி, டெவலப்பரில் கழுவினால் படம் நிற்கும். அப்புறம் நாலு கலரையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடிக்க வேண்டும். ரெஜிஸ்டர் ஒரு மயிரிழை விலகினாலும் காலண்டரில் முருகன் முகம் இரட்டையாகத் தெரியும்.

கம்ப்யூட்டர் சிப்பும் இப்படித்தான் செய்யப்படுகிறது. உவமைக்காகச் சொல்லவில்லை, ஆஃப்செட்டைப் போலவே அந்தத் தொழிலின் பெயரும் லித்தோகிராஃபிதான். சிலிக்கான் தட்டின் மேல் ஒளிக்கு மாறும் பூச்சு பூசுகிறார்கள். ஃபிலிமுக்குப் பதில் மாஸ்க். ஒளி காட்டி, கழுவி, அரித்து எடுக்கிறார்கள். நாலு கலருக்குப் பதில் பல பத்து அடுக்குகள். ரெஜிஸ்டர் அங்கே ஒரு மில்லிமீட்டரைப் பல லட்சம் கூறு போட்டால் வரும் அளவில் சரியாக இருக்க வேண்டும்.

எவ்வளவு நுணுக்கமான கோடு வேண்டுமோ, அவ்வளவு குறைந்த அலைநீளமுள்ள ஒளி வேண்டும். தடித்த தூரிகையால் மெல்லிய கோடு போட முடியாது அல்லவா? முதலில் பாதரச விளக்கின் புற ஊதா ஒளியால் அடித்தார்கள். பிறகு லேசருக்கு மாறி 248 நானோமீட்டர், 193 நானோமீட்டர் என்று இறங்கினார்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் ஒரு கூறுதான் நானோமீட்டர். இன்றைக்கு மிக நுண்ணிய சிப்புகளுக்கு 13.5 நானோமீட்டர். இந்த ஒளியோடு வேலை செய்வது படு சிரமம். காற்றே இதை விழுங்கிவிடும், ஆகவே மெஷின் முழுதும் வெற்றிடத்தில் ஓட வேண்டும். கண்ணாடி லென்சும் விழுங்கிவிடும். அதனால் மாலிப்டினமும் சிலிக்கானும் மாறி மாறிப் பூசிய, தனியாகச் செய்த ஆடிகளால்தான் ஒளியைத் திருப்ப முடியும். ஒளியை உண்டாக்க, உருகிய தகரத்தை நொடிக்கு 50,000 துளிகளாகத் தெறிக்கவிட்டு, ஒவ்வொரு துளியையும் லேசரால் அடித்து, பிளாஸ்மா என்னும் மின்னேற்றம் பெற்ற அதிசூடான வாயுவாக ஆக்குகிறார்கள். நெதர்லாந்தின் ஏ.எஸ்.எம்.எல். நிறுவனம் மட்டுமே இந்த மெஷினை விற்கிறது. ஜப்பானில் ஹிரோ கினோஷிதா என்பவர் இந்த வகை ஒளியால் படம் விழுத்தலாம் என்று 1986-இல் காட்டினார். அது ஆலையில் பெரிய அளவில் ஓடத் தொடங்கியபோது 2019 ஆகிவிட்டது.

இடையில் முப்பத்து மூன்று வருடம். அத்தனை வருடமும் பிளாஸ்மா இயற்பியல், ஒளியியல், மெல்லிய பூச்சு அடுக்குகள் பற்றிய ஆராய்ச்சி செய்தவர்கள் எத்தனையோ பேர். உங்கள் மகள் சொல்வது இந்த வேலையைத்தான். அவளுக்கே இப்படிச் சொல்லத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அவள் சொன்னதில் பிழை இல்லை.

போனுக்குள் இருக்கும் பழைய கேள்விகள்

கம்ப்யூட்டர் சயின்ஸே படிக்கட்டும் என்று மாமா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. நிரல், கணிமுறை, இயங்குதளம் எல்லாம் கணினி அறிவியல்காரர்களின் உழைப்பு, அது சின்ன விஷயமில்லை. ஆனால் அந்த நிரல் எதன் மேல் ஓடுகிறதோ, அதன் ஒவ்வொரு படியும் ஒரு காலத்தில் ஏதோ ஓர் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் விடை தெரியாத கேள்வியாகக் கிடந்தது.

1946-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பொதுப் பார்வைக்கு வைத்த எனியாக் கணினியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழல்கள். ஒரு பெரிய அறை முழுதும் அடைத்துக்கொண்டு நின்றது. அதே சமயம் நியூ ஜெர்சியின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லியம் ஷாக்லி, சிலிக்கான் போன்ற ஒரு குறைக்கடத்தியின் மேல் மின்புலம் கொடுத்தால் உள்ளே ஓடும் மின்னோட்டம் கூடும், குறையும் என்று கணக்குப் போட்டார். செய்து பார்த்தார்கள், நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்று யோசித்தவர் ஜான் பார்டீன். எலெக்ட்ரான்கள் மேற்பரப்பில் சிக்கிக்கொண்டு மின்புலத்தை உள்ளே விடாமல் மறைக்கின்றன என்றார். அந்த மேற்பரப்பைத் துருவிப் பார்க்கப் போய்த்தான் அவரும் வால்டர் பிராட்டெயினும் 1947 டிசம்பரில், ஜெர்மானியம் என்ற தனிமத்தின் ஒரு துண்டின் மேல் தங்கத் தகட்டின் இரு முனைகளை மிக நெருக்கமாக அழுத்தி, வெற்றிடக் குழலின் வேலையைச் சின்ன அளவில் செய்யும் முதல் டிரான்சிஸ்டரை ஓட வைத்தார்கள். மூவருக்கும் 1956-இல் நோபல் பரிசு.

வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் அந்த ஓடாத பரிசோதனையிடம் நான் கொஞ்ச நேரம் நின்றுவிடுவேன். ஓடவில்லை என்றதும் விட்டுவிட்டு வேறு வழி தேடாமல், ஏன் ஓடவில்லை என்று கேட்டார்கள். இயற்பியல் படிப்பு ஒரு பிள்ளைக்குக் கற்றுத் தருவது அந்தக் கேள்வியைத்தான். உங்கள் மகளுக்கு அந்தக் குணம் இருக்கிறதா என்று உங்களுக்குத்தான் தெரியும். மிக்சி நின்றுபோனால் அவள் கடைக்குக் கொண்டுபோகச் சொல்வாளா, திருப்பிப் பார்ப்பாளா?

இன்னொன்று ஹார்டு டிஸ்க். 1956-இல் ஐ.பி.எம். செய்த முதல் ஹார்டு டிஸ்க் ஐம்பது தட்டுகள் கொண்ட ஒரு பெரிய அலமாரி. கொள்ளளவு 5 மெகாபைட், இன்றைய போனில் எடுத்த ஒரு படம் அதை நிரப்பிவிடும். காந்தப் புள்ளிகள் சிறிதாகச் சிறிதாக அவற்றின் காந்தமும் வலுவிழக்கும், படிக்கும் முனைக்குத் தெரியாது. அங்கேதான் முட்டி நின்றது. 1988-இல் பிரான்சில் ஆல்பர்ட் ஃபெர்ட்டும், ஜெர்மனியில் பீட்டர் கிரூன்பெர்க்கும் ஒருவரைச் சாராமல் ஒருவர், சில அணுக்கள் தடிமனே உள்ள இரும்பு, குரோமியம் அடுக்குகளை ஆராய்ந்தார்கள். காந்தப்புலம் கொடுத்தால் மின்தடை பெரிதாக மாறியது. காரணம் எலெக்ட்ரானின் மின்னூட்டம் மட்டுமில்லை, அதன் தற்சுழற்சியும் அந்த அடுக்குகளில் பேசியது. ஃபெர்ட்டின் குழு பார்த்தது உறைய வைக்கும் குளிரில். சாதாரண வெப்பநிலையில், ஆலையில் செய்யக்கூடிய எளிய முறையில் அதைக் கொண்டுவர ஐ.பி.எம்.மில் ஸ்டூவர்ட் பார்க்கின் போன்றவர்கள் வருடக்கணக்கில் உழைத்தார்கள். 1997-இல் அந்த முனை பொருத்திய ஹார்டு டிஸ்க் கடைக்கு வந்தது. ஒன்பதே வருடம். அடிப்படை ஆராய்ச்சி கடைக்கு வர இதைவிடக் குறைந்த காலம் எடுத்ததை நான் அதிகம் பார்த்ததில்லை.

மறுபக்கம் உங்கள் போனின் மெமரியைப் பாருங்கள். ஒரு படத்தைச் சேமிக்கும்போது எலெக்ட்ரான்கள் ஒரு காப்புச் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்ச் சிக்கிக்கொள்கின்றன. போனை அணைத்தாலும் அவை வெளியே வராது, அதனால்தான் படம் அழியாமல் இருக்கிறது. பந்தைச் சுவரில் எறிந்தால் திரும்பி வரும், எலெக்ட்ரான் சில சமயம் மறுபக்கம் போய்விடும். வலுவான மின்புலத்தில் உலோகத்திலிருந்து எலெக்ட்ரான் அப்படி எப்படித் தப்புகிறது என்று ஃபௌலர், நோர்ட்ஹைம் என்ற இயற்பியலாளர்கள் கணக்கிட்டது 1928-இல். கம்ப்யூட்டர் என்பதே இல்லாத காலம். அதை வைத்து மின்னூட்டத்தைச் சிறைப்பிடிக்கும் அமைப்பை பெல் ஆய்வுக்கூடத்தில் காங், ஸீ என்ற இரு ஆய்வாளர்கள் 1967-இல் முன்வைத்தார்கள். ஃபிளாஷ் மெமரியாகச் செய்தது ஜப்பானின் தோஷிபாவில், 1980-களில்.

அதே 1928 பிப்ரவரியில்தான் கொல்கத்தாவில் சி.வி. ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் ஒளிச்சிதறலில் புதிய விளைவைக் கண்டார்கள். இன்றைக்குச் சிலிக்கானுக்குள் எவ்வளவு இறுக்கம் இருக்கிறது என்று தொடாமலே அளக்க அந்த ராமன் விளைவைப் பயன்படுத்துகிறார்கள். கிருஷ்ணன் பிறந்த ஊர் வத்திராயிருப்பு, உங்களுக்குப் பக்கத்து ஊர்தான். மகளுக்குத் தெரியுமோ என்னவோ, சொல்லுங்கள்.

“இனி எல்லாம் ஏ.ஐ.தான்” என்று மாமா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். 2024-இன் இயற்பியல் நோபல் பரிசே ஏ.ஐ.க்கு அடிப்படையான நரம்பு வலையமைப்புகளுக்காக ஜான் ஹாப்ஃபீல்டுக்கும் ஜெஃப்ரி ஹின்டனுக்கும் போனது. ஹாப்ஃபீல்டு 1982-இல் எழுதிய மாதிரி காந்தப் பொருட்களின் இயற்பியலிலிருந்து வந்தது. இணைய வலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ ஆக்ஸ்ஃபோர்டில் படித்தது இயற்பியல், வலையை உருவாக்கியது செர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வு மையத்தில். இன்டெல் நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ராபர்ட் நாய்ஸ் இயற்பியல் முனைவர், கார்டன் மூர் வேதியியல் முனைவர்.

மகள் புரிந்துகொள்ள வேண்டியவை

இதுவரை அவள் பக்கம் பேசிவிட்டேன். அவளிடமும் சில தவறான எண்ணங்கள் இருக்கின்றன. இந்தப் பகுதியை அவளே படிக்கட்டும்.

மகளே, பி.எஸ்சி. முடித்ததும், அணு அளவில் நடக்கும் இயற்பியலைக் கொண்டு கணக்குப் போடும் குவாண்டம் கம்ப்யூட்டர் செய்யும் இடத்துக்குப் போய்விடலாம் என்று நீ நினைப்பது உன் அம்மாவின் கடிதத்திலிருந்து தெரிகிறது. முடியாது. பி.எஸ்சி. மூன்று வருடம், எம்.எஸ்சி. இரண்டு, முனைவர் பட்டம் ஐந்து அல்லது அதற்கு மேல். உனக்கு 27 வயது ஆகிவிடும். முனைவர் பட்ட ஆராய்ச்சியில் பல மாதங்கள் ஒன்றுமே நடக்காமல் போகும். வெற்றிடப் பம்பு ஒழுகும், மாதிரி கெட்டுப்போகும், ஆறு மாத அளவீடு பிழை என்று தெரியவரும். அதைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால் மட்டும் இந்த வழி.

2025-இன் இயற்பியல் நோபல் பரிசைப் பற்றிப் பள்ளியில் கேட்டுத்தான் உனக்கு ஆசை வந்தது என்று உன் அம்மா எழுதியிருக்கிறார். ஜான் கிளார்க், மிஷெல் டெவோரே, ஜான் மார்ட்டினிஸ் மூவரும், ஒரு மின்சுற்றிலேயே குவாண்டம் விளைவுகள் தெரியும் என்று காட்டிய அந்தப் பரிசோதனையைக் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் செய்தது 1984, 85-இல். பரிசு வந்தது நாற்பது வருடம் கழித்து. அவர்கள் பயன்படுத்திய மீக்கடத்திச் சந்தியைப் (மின்தடையே இல்லாத இரண்டு கடத்திகளுக்கு நடுவே மெல்லிய காப்புப் படலம் உள்ள அமைப்பு) பற்றிய கணிப்பை 1962-இல் சொன்ன பிரையன் ஜோசஃப்சன் அப்போது கேம்பிரிட்ஜில் 22 வயது ஆராய்ச்சி மாணவர். இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்தே மனதில் வை. இளம் வயதில் பெரிய விஷயம் தோன்றலாம், அது கைக்கு வர ஒரு தலைமுறை ஆகலாம்.

இன்னொன்று, “எனக்கு கோடிங் பிடிக்காது, அதான் ஃபிசிக்ஸ்” என்பது உன் காரணமாக இருந்தால் இப்போதே மாற்றிக்கொள். இன்றைய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் நிரல் எழுதத் தெரியாதவர் கை கட்டப்பட்டவர். கணினி அறிவியலில் 99 வாங்கிய பிள்ளை அதைக் கைவிடக் கூடாது.

பிழைப்பு உண்டா?

சகோதரி, மறுபடி உங்களிடம் வருகிறேன். வெறும் பி.எஸ்சி. இயற்பியலோடு நின்றால் வேலை வாய்ப்பு குறைவுதான். உங்கள் கணவரின் பயம் ஆதாரமில்லாத பயம் இல்லை. வங்கி, அரசுத் தேர்வு, பி.எட். முடித்து ஆசிரியர் பணி என்று வழி இருக்கிறது, ஆனால் அதற்காக மகள் இயற்பியலைக் கேட்கவில்லை. இந்தப் படிப்பின் பலன் எம்.எஸ்சி.யில், அதுவும் நல்ல இடத்து எம்.எஸ்சி.யில் தொடங்குகிறது. பி.எஸ்சி. கடைசி வருடத்தில் ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுதினால் ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேரலாம், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஒருங்கிணைந்த முனைவர் படிப்புக்கும் அந்தத் தேர்வு பயன்படும். அதன்பின் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும், வாடகைப் படி தனி. ஆக, 22 வயதுக்கு மேல் அவள் உங்களுக்குச் செலவு வைக்க மாட்டாள்.

நாட்டிலும் இதற்கான இடங்கள் கூடி வருகின்றன. 2023-இல் மத்திய அரசு தேசிய குவாண்டம் திட்டத்துக்கு சுமார் 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதன் நான்கு மையங்களில் ஒன்று சென்னை ஐ.ஐ.டி.யில், குவாண்டம் தகவல் தொடர்புக்காக. குஜராத்தின் தோலேராவில் சிப் ஆலை கட்டப்படுகிறது. அப்படிப்பட்ட ஆலைகளில் இயற்பியல், வேதியியல், பொருளறிவியல் படித்தவர்களுக்கு வேலை உண்டு. ஆனால் சிப் வடிவமைப்பு நிறுவனங்கள் பெரும்பாலும் எலெக்ட்ரானிக்ஸ் பொறியாளர்களைத்தான் எடுக்கின்றன. அதையும் சொல்லாமல் விட்டால் நான் உங்களை ஏமாற்றியதாகும்.

உங்கள் முன்னால் இருக்கும் வழிகளைச் சொல்கிறேன்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் பொறியியல். நான்கு வருடத்தில் வேலைக்குப் போகலாம். ஆனால் விருப்பமில்லாமல் சேர்த்த பிள்ளைகள் இரண்டாம் வருடத்தில் அரியரோடு என் அறைக்கு வந்து அழுததை நிறையப் பார்த்திருக்கிறேன். கட்டணமும் உங்கள் வருமானத்துக்கு மிகப் பெரிய சுமை.

எலெக்ட்ரானிக்ஸ் பொறியியல். கம்ப்யூட்டரைச் செய்யும் வேலைக்கு இது இன்னொரு நேர்வழி. அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவே நிற்கும் வழியும்கூட. கலந்தாய்வு முடிந்துவிடவில்லை என்றால், அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரியில் கிடைத்தால், மகளிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அவள் வேண்டாம் என்றால் வற்புறுத்த வேண்டாம்.

பி.எஸ்சி. இயற்பியலோடு சென்னை ஐ.ஐ.டி.யின் ஆன்லைன் பட்டம். தரவு அறிவியல் ஒன்று, எலெக்ட்ரானிக் சிஸ்டம்ஸ் ஒன்று என்று இருக்கிறது. தகுதிச் சுற்றில் தேறினால் சேரலாம். ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க 2022 முதல் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) அனுமதி உண்டு. குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகை உண்டு, சான்றிதழ், டிப்ளமோ என்று படிப்படியாக நிறுத்திக்கொள்ளவும் முடியும்.

என் யோசனை மூன்றாவது. அரசுக் கல்லூரியில் செலவு மிகக் குறைவு. உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்த பெண் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம். இரண்டு வருடம் கழித்து, இயற்பியல் மேலே கொண்டுபோகாது என்று அவளுக்கே தோன்றினால், கையில் நிரல் எழுதும் சான்றிதழோ டிப்ளமோவோ இருக்கும், மென்பொருள் வேலைக்குப் போகலாம். அப்படிப் போன என் மாணவர்கள் நன்றாகவே இருக்கிறார்கள்.

இதில் ஒரு ஆபத்தை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நான் சொல்லியாக வேண்டும். அவளுக்கு 22 வயது ஆகும்போது முனைவர் படிப்புக்குப் போவாளா, கல்யாணம் பேசலாமா என்று வீட்டில் கேள்வி வரும். என் வகுப்பில் முதலிடத்தில் இருந்த பெண்கள் பலர் அந்த இடத்தில்தான் நின்றுபோனார்கள், அறிவுக் குறைவால் ஒருவரும் நிற்கவில்லை. இந்த வழியை இப்போது திறந்துவிட்டு, ஐந்து வருடம் கழித்துப் பாதியில் மூடுவதென்றால், இன்றைக்கே அவளிடம் நேராகச் சொல்லிவிடுவது நல்லது. நீங்களும் கணவரும் இதை இருவராக உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். பத்து வருடப் படிப்பு என்று தெரிந்தே சம்மதிக்கிறோமா என்பதுதான் பேச வேண்டியது.

மகளுக்கு 17 வயது, சட்டப்படி இன்னும் சிறுமி. விண்ணப்பங்களில் உங்கள் கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்தை வைத்து வேண்டாத படிப்பில் சேர்த்துவிடலாம்தான், ஆனால் படிக்கப் போவது அவள்.

மதுரைக் கல்லூரியில் சேரும் முன் ஒருநாள் நேரில் போய் இயற்பியல் ஆய்வகத்தைப் பாருங்கள். கருவிகள் மேல் தூசி படிந்திருக்கிறதா, மாணவர்கள் தாங்களே கையில் எடுத்துச் செய்கிறார்களா, கடந்த சில வருடங்களில் யாராவது ஜாம் தேர்வில் தேறினார்களா என்று துறைத் தலைவரிடம் கேளுங்கள். கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

கணவர் விஷயத்துக்கு ஒரு யோசனை. இந்தக் கடிதத்தை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வதைவிட, வரும் ஞாயிற்றுக்கிழமை மகளை அச்சகத்துக்கு அனுப்பி, பிளேட் போடுவதிலிருந்து ரெஜிஸ்டர் சரி செய்வது வரை அப்பாவையே காட்டச் சொல்லுங்கள். சிப்பை எப்படி அடிக்கிறார்கள் என்பதை அங்கேயே மகள் அவருக்குச் சொல்லட்டும். ஐந்து நாள் பேசாத இருவருக்கும் பேச ஒரு விஷயம் கிடைக்கும். அதற்கு முன், நாளைக் காலை, அந்த 50,000 ரூபாய் ரசீதைத் தேடி எடுத்து வையுங்கள்.